நான்கு நற்செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது எப்படி?

சென்ற வருடம் ஒரு கல்யாண வீடு. பெண் வீட்டார் கத்தோலிக்கர், மாப்பிள்ளை வீட்டார் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்டு சபையினர். பந்தி தொடங்கும் முன் பெரியவர் ஒருவர் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கி வைத்தார். தீமையிலிருந்து எங்களைக் காத்தருளும் என்கிற இடம் வரைக்கும் இரண்டு வீட்டாரும் ஒன்றாக வந்தார்கள். அங்கே பெண் வீட்டார் "ஆமென்" சொல்லி நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பையன், "அவங்க ஏம்மா பாதியிலேயே நிறுத்திட்டாங்க?" என்று கேட்டான். இலை போடும் சத்தத்தில் அந்தக் கேள்வி அமுங்கிப் போயிற்று.

அவன் கேட்டது நல்ல கேள்வி, அதற்குப் பதிலும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில், மத்தேயு 6:13-இல், அந்தக் கடைசி வரி இல்லை. பிற்காலப் படிகளில் இருக்கிறது. வழிபாட்டில் ஜெபத்தின் முடிவில் சொல்லிவந்த வாழ்த்து, நாளடைவில் ஏட்டுக்குள் ஏறிவிட்டது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. தமிழின் பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பிற்காலப் படிகளின் வழி வந்தது. அதனால் அதில் வரி இருக்கிறது.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நற்செய்தி நூல்கள் எப்படி உருவாயின, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முதன்முதலாகக் கேட்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விசுவாசியாக இருக்கலாம், வேறு மதத்தவராக இருக்கலாம், மதமே வேண்டாம் என்பவராகவும் இருக்கலாம். செய்யவேண்டிய வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். "முழுக்க உண்மையா, முழுக்கக் கட்டுக்கதையா" என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் கண்ணில் படாது.

முதலில், கையில் என்ன வேண்டும்

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஒன்று பழைய திருப்புதல், பெரும்பாலான புராட்டஸ்டண்டு வீடுகளில் இருப்பது. இன்னொன்று திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு. பழையதில் சுவிசேஷம், மனுஷகுமாரன், திமிர்வாதக்காரன் என்று இருக்கும். புதியதில் நற்செய்தி, மானிடமகன், முடக்குவாதமுற்றவர் என்று இருக்கும். நடை மட்டுமா வேறு? அடியில் இருக்கும் கிரேக்கப் பாடமும் வேறு. மாற்கு முதல் அதிகாரம் 2-ஆம் வசனத்தை இரண்டிலும் திறந்து பாருங்கள். அங்கே வரும் பழைய ஏற்பாட்டு மேற்கோள் எசாயா தீர்க்கதரிசியின் நூலில் இருப்பதாகப் புதியது சொல்லும். பழையதில் எசாயாவின் பெயர் இல்லை, தீர்க்கதரிசிகளின் எழுத்து என்று பொதுவாக இருக்கும். காரணம் இதுதான்: அங்கே மேற்கோள் காட்டப்படும் முதல் வரி உண்மையில் மல்கியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் நூலில் இருப்பது, அடுத்த வரிதான் எசாயா. எசாயா என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்த பிற்கால எழுத்தர்கள், பிழை என்று கருதித் திருத்திவிட்டார்கள். அந்தத் திருத்தம்தான் பழைய தமிழ் பைபிள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கிரேக்கம் தெரிய வேண்டுமா? தொடங்குவதற்குத் தேவையில்லை. நான்கு வண்ணப் பென்சில், கொஞ்சம் ஏ3 தாள், ஒரு நோட்டு போதும்.

முதல் படி: மாற்கை ஒரே உட்காரலில் வாசியுங்கள்

ஞாயிறுதோறும் துண்டு துண்டாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய மாற்றம். 16 அதிகாரம்தான், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

வாசிக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பிறப்புக் கதை இல்லை, பெத்லகேம் இல்லை, ஞானிகள் இல்லை. "உடனே" என்ற சொல் கிரேக்கத்தில் ஏறக்குறைய 40 இடங்களில் வருகிறது. மூச்சு வாங்காமல் கதை சொல்கிற ஒருவரின் நடை அது. நடுநடுவே அரமேயச் சொற்கள் அப்படியே நிற்கின்றன: தலீத்தாகூமி, எப்பத்தா, அப்பா, ஏலோயி ஏலோயி லாமா சபக்தானி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பொருளும் சொல்லப்படுகிறது. பேச்சு நடந்தது அரமேயத்தில், நூல் எழுதப்பட்டது கிரேக்கத்தில், வாசித்தவர்களில் பலருக்கு அரமேயம் தெரியாது. இந்த மூன்றும் அந்த நாலைந்து சொற்களிலேயே தெரிந்துவிடுகின்றன. 7-ஆம் அதிகாரத்தில் யூதர்கள் கைகழுவும் வழக்கத்தையே விளக்க வேண்டியிருக்கிறது என்றால், வாசகர்களில் யூதரல்லாதவர் கணிசமாக இருந்திருக்க வேண்டும்.

முடிவையும் பாருங்கள். 16:8-இல் பெண்கள் கல்லறையைவிட்டு ஓடுகிறார்கள், பயத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மிகப் பழைய முழுப் படிகளில் நூல் அங்கேயே முடிகிறது. 9 முதல் 20 வரையிலான வசனங்கள் பிறகு சேர்ந்தவை. ஒருமுறை 16:8-இல் நூலை மூடிப் பாருங்கள். அந்த நிசப்தத்தை முதல் வாசகர்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இரண்டாம் படி: ஒரு காலக்கோடு

நோட்டில் ஒரு கோடு போட்டு இவற்றைக் குறியுங்கள். யூதேயாவின் அரசர் பெரிய ஏரோது இறந்தது கி.மு. 4. இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33. தொடக்கக் காலக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் கடிதங்கள் பெரும்பாலும் 50-களில். ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது 70. மாற்கு அந்த 70-ஐ ஒட்டி, மத்தேயுவும் லூக்காவும் 80-90 வாக்கில், யோவான் 90-100 வாக்கில் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. இன்னும் முன்னால் வைப்பவர்களும் பின்னால் தள்ளுபவர்களும் உண்டு.

கோட்டைப் பார்த்தவுடன் ஒரு விஷயம் தெரியும். பைபிளில் நற்செய்திகள் முன்னால், கடிதங்கள் பின்னால். எழுதப்பட்ட வரிசையோ நேர் எதிர். நம்மிடம் உள்ள மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து பவுலுடையது. கலாத்தியர் கடிதம் 1:18-19-இல், எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைப் பார்த்ததாகவும் அவரே எழுதுகிறார். 1 கொரிந்தியர் 11-இல் கடைசி இராவுணவு, 15-இல் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களின் பட்டியல் இரண்டையும், தான் பெற்றுக்கொண்டதை ஒப்படைப்பதாகச் சொல்லித் தருகிறார். மாற்கு எழுதப்படுவதற்குப் பதினைந்து வருடமாவது முந்தைய எழுத்து இது. நாற்பது வருடம் யாரும் எதுவும் எழுதாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் எழுதினார்கள் என்ற எண்ணத்தை இந்த இரண்டு அதிகாரங்களும் உடைக்கும்.

ஆலயம் அழிந்ததை ஏன் இவ்வளவு முக்கியமாகக் குறிக்கச் சொல்கிறேன்? மாற்கு 13:14-ஐயும் லூக்கா 21:20-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். மாற்கில் "பாழாக்கும் அருவருப்பு" நிற்கக்கூடாத இடத்தில் நிற்கும் என்று பூடகமாக வருகிறது. அதே இடத்தில் லூக்கா, எருசலேமைப் படைகள் சூழ்ந்திருப்பதைக் காணும்போது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். நடந்து முடிந்ததை அறிந்த ஒருவரின் கை அதில் தெரிகிறது என்று பலர் வாதிடுகிறார்கள். தேதி கணிப்பது இப்படிப்பட்ட நுட்பமான இடங்களிலிருந்துதான். நூலின் மேல் யாரும் வருடம் போட்டு வைக்கவில்லை.

மூன்றாம் படி: மூன்று பத்தி போடுங்கள்

இதுதான் நெஞ்சுப் பகுதி. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் ஒத்தமை நற்செய்திகள் என்பார்கள், ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்க முடிவதால் வந்த பெயர். தாளில் மூன்று பத்தி போட்டு, முடக்குவாதக்காரர் குணமான கதையைக் கையால் எழுதுங்கள்: மத்தேயு 9:1-8, மாற்கு 2:1-12, லூக்கா 5:17-26. கையால் எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண் தாண்டிப் போகிற சொல்லைக் கை தாண்டாது.

மூன்றிலும் ஒன்றாக இருப்பதற்குச் சிவப்பு, இரண்டில் மட்டும் இருப்பதற்கு நீலம், ஒன்றில் மட்டும் இருப்பதற்குப் பச்சை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு நிறைய இருக்கும். ஒரே சம்பவத்தைச் சொன்னால் ஒத்துப்போகத்தானே செய்யும் என்று தோன்றலாம். இப்போது மாற்கு 2:10-க்கு வாருங்கள். பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியும்படி, என்று இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். வாக்கியம் முடியவில்லை. நடுவில் கதைசொல்லி புகுந்து, "திமிர்வாதக்காரனை நோக்கி" என்று ஒரு துண்டைச் செருகுகிறார். பிறகு பேச்சு வேறு ஆளிடம் தொடர்கிறது. இந்த உடைந்த வாக்கியம் மத்தேயுவிலும் லூக்காவிலும் அதே இடத்தில் அப்படியே உடைந்திருக்கிறது.

பேசியவரின் சொல்லை மூன்று பேர் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கலாம். கதைசொல்லி குறுக்கே புகுந்த இடத்தை மூன்று பேர் தனித்தனியாக ஒரே மாதிரி எழுத முடியாது. ஒருவருக்கு முன்னால் இன்னொருவரின் ஏடு விரிந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். என் பழைய பைபிளில் அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சில் அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்தே போயிருக்கிறது.

யார் யாரைப் பார்த்து எழுதினார்? பச்சை நிறத்தைப் பாருங்கள். மாற்கில் நான்கு பேர் கூரையைப் பிரிக்கிறார்கள். கிரேக்கத்தில் அங்கே இருப்பது தோண்டுவதைக் குறிக்கும் சொல். மரக்கட்டை, நாணல், மேலே மண் பூசிய கலிலேயா வீட்டுக் கூரைக்கு அது சரியாகப் பொருந்தும். லூக்காவில் "ஓடுகளின் வழியாக" இறக்குகிறார்கள். கிரேக்க ரோம நகரங்களில் வாழ்ந்த தன் வாசகர்களுக்குத் தெரிந்த கூரையாக அவர் மாற்றிவிட்டார். மத்தேயுவில் கூரையே இல்லை, கட்டிலோடு கொண்டுவந்தார்கள் என்பதோடு சரி. மாற்கின் 661 வசனங்களில் ஏறக்குறைய 600-இன் பொருள் மத்தேயுவில் இருக்கிறது, லூக்காவில் பாதிக்கு மேல் இருக்கிறது. மாற்கின் முரட்டு நடையை மற்ற இருவரும் மழுப்புகிறார்கள், சங்கடமான வரிகளை மெல்ல மாற்றுகிறார்கள். சொந்த ஊரில் இயேசுவால் அற்புதம் ஒன்றும் செய்யக்கூடவில்லை, சிலரை மட்டும் குணமாக்கினார் என்பது மாற்கு 6:5. அநேக அற்புதங்களைச் செய்யவில்லை என்பது மத்தேயு 13:58. முடியவில்லை என்பது எப்படிச் செய்யவில்லை ஆயிற்று என்று யோசித்தால், எது முதலில் எழுதப்பட்டது என்று உங்களுக்கே பிடிபடும்.

இனி மாற்கில் இல்லாமல் மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் இருப்பது. மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9. "விரியன் பாம்புக் குட்டிகளே" என்று தொடங்கும் யோவான் ஸ்நானகனின் பேச்சு கிரேக்கத்தில் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் ஒன்று. இப்படி 200-க்கு மேற்பட்ட வசனங்கள் உண்டு. இருவரும் பயன்படுத்திய, இன்று கிடைக்காத ஒரு தொகுப்பு இருந்திருக்க வேண்டும் என்று கருதி, அதற்குக் 'கியூ' என்று பெயர் வைத்தார்கள். ஊற்று என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. கியூ என்று ஒரு தாள்கூட யாருக்கும் கிடைத்ததில்லை. லூக்கா நேராக மத்தேயுவையே பார்த்து எழுதினார், கியூ தேவையே இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதமும் வலுவானதுதான். தொடக்கத்திலேயே இதில் பக்கம் சேர வேண்டாம்.

சேரவேண்டிய முடிவு வேறொன்று. முடக்குவாதக்காரர் கதையை "மூன்று பேர் சாட்சி சொல்கிறார்கள்" என்று இனி சொல்லக்கூடாது. இருவர் மாற்கைப் பார்த்து எழுதியிருந்தால் அது ஒரு சாட்சிதான். அதே நேரத்தில், இராவுணவு மாற்கிலும் வருகிறது, அவரைச் சாராத பவுலிலும் வருகிறது. அது உண்மையிலேயே இரண்டு. எண்ணிக்கையை இப்படித் திருத்திக்கொள்வதுதான் இந்த வாரத்தின் பலன்.

நான்காம் படி: எழுதியவர் யார்?

மத்தேயு எழுதின சுவிசேஷம் என்று தலைப்பில் இருக்கிறது. நூலுக்குள்ளே அந்தப் பேச்சே இல்லை. கிரேக்கப் படிகளில் "மத்தேயுவின்படி", "மாற்கின்படி" என்றுதான் தலைப்பு. அதுவும் பிறகு சூட்டப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. நான்கு பெயர்களையும் சேர்த்துச் சொல்லும் தெளிவான சாட்சி, கி.பி. 180 வாக்கில் லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ். அதற்கு முன்பு, 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எராப்போலியின் ஆயர் பப்பியாஸ் சொன்னதை 4-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எடுத்தெழுதியிருக்கிறார். மாற்கு பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், நினைவில் இருந்ததைச் சரியாக எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை என்கிறார் பப்பியாஸ்.

இதை எப்படி எடைபோடுவது? மாற்கும் லூக்காவும் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் இல்லை. யாராவது சும்மா ஒரு பெயரை ஒட்டியிருந்தால் பேதுரு, யாக்கோபு என்று பெரிய பெயராகத்தானே ஒட்டியிருப்பார்கள்? இது மரபுக்குச் சாதகம். மத்தேயு விஷயம் கடினம். வரிவசூலித்த ஆளை இயேசு அழைத்த காட்சியில் மாற்கு 2:14 அவரை லேவி என்கிறது, மத்தேயு 9:9 மத்தேயு என்கிறது. பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய மாற்கின் சொற்கள். தன்னை அழைத்த நாளைச் சொல்ல, அங்கே இல்லாத ஒருவரின் நூலைப் பார்த்து எழுதவேண்டிய அவசியம் கண்ணால் கண்டவருக்கு என்ன? இந்தக் கேள்விதான் பலரை மரபுவழிப் பெயரிலிருந்து விலக வைத்தது. லூக்கா தன் முன்னுரையில் (1:1-4) வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்: கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்தார்கள், பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் விசாரித்து எழுதுகிறேன். நான் கண்டேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஐந்தாம் படி: ஏடுகள் எப்படி நம்மிடம் வந்தன

நற்செய்தியாளர் கைப்பட எழுதிய ஒரு தாளும் இல்லை. படிகளின் படிகள்தான். சுவடிப் பதிப்புகளில் பாடபேதம் (படிக்குப் படி சொல் மாறுவது) பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது.

மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் துண்டு ஒன்று இருக்கிறது, பி52 என்பது அதன் எண். 8.9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம், ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டை அளவு. எகிப்தில் 1920-இல் வாங்கப்பட்டு, 1935-இல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கம் யோவான் 18:31-33, மறுபக்கம் 18:37-38, ரோம ஆளுநர் பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடம். இரு பக்கமும் எழுத்து இருப்பதால் அது சுருள் ஏடு அல்ல, நாம் இன்று புரட்டுகிற மாதிரியான புத்தகம். கி.பி. 125 என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நிறையப் பார்ப்பீர்கள். எழுத்து வடிவத்தை மட்டும் வைத்துக் கணித்தது அது. 2-ஆம் நூற்றாண்டு முழுவதற்கும், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும்கூட இடம் விட வேண்டும் என்று இப்போது எச்சரிக்கிறார்கள். இந்த எச்சரிக்கை வீணானதல்ல. முதல் நூற்றாண்டு மாற்குத் துண்டு ஒன்று கிடைத்துவிட்டது என்று 2012-இல் பெரிய பரபரப்பு எழுந்தது. 2018-இல் அது முறையாக வெளியானபோது, 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று இருந்தது. ஆறு வருடத்தில் எத்தனை மேடைகளில் அதைச் சான்றாகச் சொல்லிவிட்டார்கள்!

நான்கு நற்செய்திகளும் ஒரே புத்தகமாக இருந்ததன் மிச்சம் பி45, 3-ஆம் நூற்றாண்டு, டப்ளினில் இருக்கிறது. முழுப் புதிய ஏற்பாடும் உள்ள மிகப் பழைய படி சினாய் ஏடு, 4-ஆம் நூற்றாண்டு. சினாய் மலை அடிவாரத்துக் கத்தரீன் மடத்தில் இருந்து ரஷ்யா போய், 1933-இல் 1,00,000 பவுண்டுக்குப் பிரிட்டன் வாங்கியது. இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், இலவசம். மாற்கு 16:8-இல் முடிவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை (யோவான் 7:53-8:11) அதில் இல்லை என்பதையும் பாருங்கள். பி66, பி75 என்ற இன்னும் பழைய பாப்பிரஸ்களிலும் அது இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. அதைத் தேடி அங்கே காணாத நாளில் மனம் கனத்தது. யோவான் எழுதாத, ஆனால் பழைமையான ஒரு கதை பிறகு வந்து சேர்ந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

லட்சக்கணக்கான பாடபேதங்கள் என்ற எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். கிரேக்கப் படிகளே 5,000-க்கு மேல். படி கூடக் கூட பேதமும் கூடும். மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல், சொல் முன்பின் ஆதல் போன்றவை. பொருளை உண்மையில் மாற்றும் இடங்கள் குறைவு. ஆனால் அவை இருக்கின்றன, மறைக்கவும் கூடாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஏடு சரியாகப் படியெடுக்கப்பட்டது என்பது வேறு, ஏட்டில் உள்ளது அப்படியே நடந்தது என்பது வேறு. மேடைப் பேச்சாளர்கள் முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவியதாக இறங்கிவிடுவார்கள்.

ஆறாம் படி: முரண்பாடு வரும்போது

நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் வரவேண்டிய சில இடங்கள்: மரியாளின் கணவர் யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மத்தேயுவின்படி இயேசு ஏரோதின் காலத்தில் பிறந்தார், ஏரோது இறந்தது கி.மு. 4, லூக்கா 2:2 சொல்லும் சீரியா ஆளுநர் குரேனியுவின் குடிமதிப்போ, யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸின் கணக்குப்படி கி.பி. 6. ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தது யோவானில் தொடக்கத்தில், மற்ற மூன்றிலும் கடைசி வாரத்தில். கடைசி உணவு மாற்கில், யூதப் பண்டிகையான பஸ்காவின் உணவு; யோவான் 18:28-இலோ, இயேசுவைக் கைதுசெய்த பிறகும் பஸ்கா உணவு இன்னும் உண்ணப்படவில்லை.

ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லும் புத்தகங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் காட்டி எல்லாம் பொய் என்னும் புத்தகங்களும் உண்டு. இரண்டையும் தள்ளி வைத்து, இந்த ஆசிரியர் ஏன் இதை இங்கே வைத்தார் என்று முதலில் கேளுங்கள். யோவானில் பஸ்கா ஆடுகள் வெட்டப்படும் நாளில் இயேசு சாகிறார். முதல் அதிகாரத்திலேயே அவரைத் தேவ ஆட்டுக்குட்டி என்று அழைத்த நூல் அது. நாள் மாறியதற்கு அதில் பொருள் இருக்கிறது. அதற்காக யோவான் இடம் காலம் தெரியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து மண்டபங்கள் கொண்ட பெதஸ்தா குளம் என்று அவர் 5:2-இல் சொன்னதை உருவகம் என்றே பலர் ஒதுக்கியிருந்தார்கள். எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தின் அருகே தோண்டியபோது, நடுவில் குறுக்குச் சுவர் ஓடும் இரட்டைக் குளமே கிடைத்தது. நாலு பக்கம் நாலு மண்டபம், நடுச்சுவர் மேல் ஒன்று.

ஏழாம் படி: வெளியே இருக்கும் சாட்சிகள்

இது சீக்கிரம் முடியும், ஏனென்றால் சாட்சிகள் குறைவு. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் 116 வாக்கில், ரோமப் பேரரசர் திபேரியு காலத்தில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் 90-களில் இரண்டு இடங்களில் சொல்கிறார். ஒன்றில் கிறிஸ்தவ எழுத்தர்களின் கைவரிசை கலந்திருக்கிறது என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒப்பு. "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு" 62-இல் கல்லெறியப்பட்டதைச் சொல்லும் மற்றது பெரும்பாலும் அசலாகவே ஏற்கப்படுகிறது. 1961-இல் செசரியாவில் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் கிடைத்தது. இவை எல்லாம் சட்டகத்தை உறுதி செய்கின்றன. சட்டகத்துக்குள் இருக்கும் படத்தை அல்ல.

பெயர்களையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பாலஸ்தீன யூத ஆண்களிடையே மிக அதிகம் வழங்கிய பெயர் சீமோன், கல்லறை எலும்புப் பெட்டிகளிலிருந்தும் பிற எழுத்துகளிலிருந்தும் இது தெரிகிறது. நற்செய்திகளில் எத்தனை சீமோன்கள்! அதனால்தான் சீமோன் பேதுரு, செலோத்தே சீமோன், குஷ்டரோகி சீமோன், சிரேனே ஊர் சீமோன் என்று அடைமொழி வேண்டியிருக்கிறது. தூரத்து ஊரில் உட்கார்ந்து பெயர் கற்பிக்கிறவருக்கு இந்த விகிதம் இவ்வளவு எளிதாக வாய்க்காது. பெயர் உண்மையாக இருப்பதால் சம்பவமும் உண்மை ஆகிவிடாது, ஆனாலும் நினைவின் வேர் அந்த மண்ணில்தான் இருக்கிறது என்று காட்டுகிறது.

மற்ற நற்செய்திகள் பற்றி ஒரு வார்த்தை

தோமா நற்செய்தி, இயேசு சொன்னதாக 114 கூற்றுகள், 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் காப்டிக் மொழியில் முழுதாகக் கிடைத்தது. இதைக் கட்டாயம் வாசியுங்கள், சில கூற்றுகள் பழைமையானவையாக இருக்கலாம். பேதுரு, யூதாஸ் பெயரில் உள்ளவை 2-ஆம் நூற்றாண்டின் படைப்புகள், அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றி அறிய உதவும். பர்னபா நற்செய்தி என்று நம் ஊரில் விவாத மேடைகளில் அடிபடுவது இடைக்காலத்தின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. இயேசு இந்தியாவுக்கு வந்து படித்தார் என்ற கதை, நொத்தோவிச் என்ற ரஷ்யப் பயணி 1894-இல் கிளப்பியது. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு கண்டதாகச் சொன்னார். அடுத்த வருடமே ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்ற பேராசிரியர் நேரில் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு ஏடே இல்லை என்று மடத்துத் தலைவர் மறுத்தார். ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் 325-இல் ஓட்டெடுத்து நான்கு நற்செய்திகளைத் தேர்ந்தெடுத்தது என்பதும் தவறு. அந்தச் சங்கத்தின் 20 விதிகளில் நூல் பட்டியலே கிடையாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் நாம் அறிந்தபடியே சொல்லும் முதல் பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய உயிர்ப்பு விழாக் கடிதத்தில் இருக்கிறது. நான்கு நற்செய்திகள் என்ற வழக்கம் அதற்கு வெகு முன்பே வேரூன்றிவிட்டது, இரேனியுஸைப் பாருங்கள்.

கடைசிப் படி: ஒரு சம்பவத்தை எடுத்து எடைபோடுங்கள்

இயேசுவின் ஞானஸ்நானத்தை எடுங்கள். இப்போது நான்கு பத்தி. மாற்கு 1:9-இல், பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தை இயேசு யோவான் ஸ்நானகனிடம் பெறுகிறார், விளக்கம் எதுவும் இல்லை. மத்தேயு 3:14-இல் யோவான் தடுக்கிறார், நானல்லவா உம்மிடம் பெறவேண்டும் என்கிறார். லூக்காவில் யோவான் சிறையில் அடைக்கப்பட்டதைச் சொன்ன பிறகுதான் ஞானஸ்நானம் வருகிறது, கொடுத்தவர் பெயரே அந்த வசனத்தில் இல்லை. நான்காவது நற்செய்தியில் யோவான் சாட்சி சொல்கிறார், ஞானஸ்நானம் கொடுத்த காட்சியே கிடையாது.

நான்கையும் வரிசையாகப் பார்த்தால், ஒரு சங்கடம் படிப்படியாக மூடப்படுவது தெரியும். தங்கள் ஆண்டவர் இன்னொருவரிடம் போய்ப் பாவமன்னிப்பு ஞானஸ்நானம் பெற்றார் என்பதைச் சீடர்கள் கற்பித்திருக்க மாட்டார்கள். இப்படிச் சங்கடம் தருவது நடந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த அளவுகோலிலும் குறை உண்டு. நமக்குச் சங்கடமாகப் படுவது அவர்களுக்கும் சங்கடமாக இருந்ததா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். இங்கே அவர்களே மாற்றி எழுதியிருப்பதால் சந்தேகம் இல்லை. ஆனால் வானம் திறந்து குரல் கேட்டதை இந்த முறையால் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வரலாற்று ஆய்வின் கை எட்டும் தூரம் அவ்வளவுதான் என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

இதே மாதிரி நீங்களே செய்ய ஒன்று தருகிறேன். சிலுவையைச் சுமக்க வழிப்போக்கர் ஒருவரைப் பிடித்த காட்சி: மத்தேயு 27:32, மாற்கு 15:21, லூக்கா 23:26. மூன்றிலும் சிரேனே ஊர் சீமோன் வருகிறார். மாற்கில் மட்டும் அவர் யார் என்று சொல்ல, "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று இருக்கும். அந்த இரண்டு பேரும் அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரப்போவதில்லை. மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயர்களை விட்டுவிட்டார்கள், அவர்களுடைய வாசகர்களுக்கு அவை தேவைப்படவில்லை. மாற்கின் வாசகர்களுக்குத் தகப்பனைச் சொல்ல மகன்களின் பெயர் போதுமாக இருந்திருக்கிறது, நம்ம அலெக்சின் அப்பா என்று நாம் சொல்வதைப் போல. அந்த வரிக்குப் பச்சைப் பென்சிலை எடுங்கள்.